ரயில் போன பாதையில் சைக்கிள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைக்கும் முன்வரிசையில் அமர்ந்து எங்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, 1979-82 இயற்பியல் வகுப்புத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவ மாணவியரே!

சங்கச் செயலாளர் எனக்கு எழுதிய கடிதத்தில், "தங்களுடைய அமெரிக்க அனுபவங்களைப் பற்றி இருபது நிமிடம் பேசவும்" என்று கேட்டிருந்தார். அமெரிக்காவைப் பற்றி உங்களுக்குப் புதுசா நான் என்ன சொல்ல முடியும்? இப்போ தெருவுக்கு நாலு பிள்ளை அங்கே இருக்கான். பனி பெய்யும், தோசை மாவு சீக்கிரம் புளிக்காது, பக்கத்து வீட்டுக்காரன் நல்லவன்தான் ஆனால் வீட்டுக்குள்ளே வர மாட்டான். அவ்வளவுதான் விஷயம். அதனால் நான் சைக்கிளைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். செயலாளர் முகம் மாறுகிறது. கவலைப்படாதீங்க சார், அமெரிக்காவும் நடுவிலே வரும்.

எங்கள் காலத்தில் இந்த ஹாஸ்டலில் சொந்த சைக்கிள் வைத்திருந்தவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் கடைத்தெரு வாடகை சைக்கிள்தான். மணிக்கணக்கில் வாடகை. ஒரு மணி நேரம் ஆகி அஞ்சு நிமிஷம் ஆனாலும் அடுத்த மணிக்கு உண்டான காசு. அதனாலேயே மாயவரம் கடைத்தெருவில் அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் யாரும் மெதுவாகச் சைக்கிள் ஓட்டியதில்லை. பிரேக் பிடிக்காது, பெல் அடிக்காது, மற்ற எல்லா பாகமும் சத்தம் போடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே விளக்கு இல்லாமல் போனாலோ, டபுள்ஸ் அடித்தாலோ போலீஸ்காரர் வால்ட்யூபைப் பிடுங்கிவிடுவார். காற்றுப் போன சைக்கிளை ஹாஸ்டல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இந்த அரங்கில் குறைந்தது பத்துப் பேராவது இருப்பார்கள். கை தூக்க வேண்டாம்.

அப்போது ஊருக்கு மாயவரம் என்றுதான் பெயர். 1982-ல்தான் மயிலாடுதுறை ஆனது. இப்போது மாவட்டத் தலைநகரமே ஆகிவிட்டது. வாய் மட்டும் இன்னும் மாயவரம் என்றுதான் சொல்கிறது.

மூன்றாம் ஆண்டு, பொங்கல் முடிந்த கையோடு, நாங்கள் ஏழு பேர் தரங்கம்பாடிக்குச் சைக்கிளில் போவதென்று முடிவு செய்தோம். ஏழு பேருக்கு நாலு சைக்கிள். மூன்றில் டபுள்ஸ். நாலாவதில் ஒருவன் மட்டும், கேரியரில் மெஸ்ஸிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிசாதப் பொட்டலங்களோடு. அந்த ஒற்றை ஆள் பிற்பாடு தாசில்தாராகி ஓய்வு பெற்று இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குப் பொட்டலத்தில் இரண்டு குறைந்தது. கணக்கு இன்று வரைக்கும் வரவில்லை.

விடிவதற்குள் கிளம்பினோம். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர். சம்பா அறுவடை நேரம். ரோட்டிலேயே கதிரைப் போட்டு வைத்திருப்பார்கள், போகிற பஸ்ஸும் மாட்டு வண்டியும் மிதித்துக் கொடுக்க வேண்டும் என்று. அதன்மேல் சைக்கிள் போனால் பின்சக்கரம் வழுக்கும், பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் இறங்கி ஓடி வர வேண்டும். வைக்கோல் வாசனையும் வாய்க்கால் சேற்று வாசனையும் சேர்ந்து வரும். ரோட்டை விட்டு விலகாமல் கூடவே ரயில் பாதை வரும். சின்ன மீட்டர்கேஜ் வண்டி. வழியில் ஒரு சின்ன ரயில் நிலையத்துக்கு வெளியே, ஓலைக் கொட்டகையில் டீ குடித்தோம். அந்த டீக்கடையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அங்கே வர வேண்டியிருக்கிறது.

தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை மதில்மேல் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம், கடலில் குளித்தோம், எதிர்க்காற்றில் திரும்பி வந்தோம். அன்று ராத்திரி ஹாஸ்டலில் யாரும் மல்லாந்து படுக்கவில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ரயில் பாதையைப் பற்றி மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் போட்ட பாதை அது. கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். 1986-ல் நிறுத்திவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக அறுபது வருஷம். திருக்கடையூருக்கு ஊர் உலகமெல்லாம் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிறது. நம்ம செட்டிலேயே பாதிப் பேருக்கு அங்கேதான் நடந்தது. அந்த ஊர் வழியாகவே அறுபது வருஷம் ஓடிய வண்டிக்கு மட்டும் அறுபதாவது வயசில் கல்யாணம் நடக்கவில்லை.

சரி, அமெரிக்காவுக்கு வருகிறேன்.

1994-ல் வேலை நிமித்தமாக விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போனேன். மாடிசன் என்ற ஊர், அந்த மாநிலத்தின் தலைநகர். ஏரிகளுக்கு நடுவே அழகான ஊர். பதினைந்து வருஷம் காரிலே ஏறினேன், காரிலே இறங்கினேன். 2009-ல் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வந்துவிட்டது, உடம்பை அசைக்கிறீர்களா என்று கேட்டார். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர் மாட்டுப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். அவரிடம் சொன்னேன். "சின்ன வயசில் சைக்கிள் ஓட்டியிருக்கிறாயா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாயவரத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது?

அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, இரண்டு சைக்கிளைக் காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்பார்ட்டா என்ற ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து எல்ராய் என்ற ஊர் வரைக்கும் ஒரு பாதை. முப்பத்திரண்டு மைல், அதாவது ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழுக்க முழுக்கப் பழைய ரயில் பாதை.

1873-ல் சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனி அந்தப் பாதையைப் போட்டது. 1964-ல் கைவிட்டது. தண்டவாளத்தையும் கட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது ஒரு மேடும், சில பாலங்களும், மலையைக் குடைந்த மூன்று சுரங்கப் பாதைகளும். அந்த மாநில அரசு மறு வருஷமே அந்த நிலத்தை வாங்கி, சுண்ணாம்புக்கல்லை நொறுக்கிப் பரப்பி, 1967-ல் சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் திறந்துவிட்டது. அமெரிக்காவில் ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியதில் இதுதான் முதல் என்று சொல்வார்கள். பதினாறு வயசும் அதற்கு மேலும் ஆனவர்கள் சைக்கிளில் போக ஒரு சின்னக் கட்டணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கோடையில் காரோ மோட்டார் சைக்கிளோ உள்ளே வர முடியாது.

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு விஷயம். அந்தப் பகுதி முழுக்கக் குன்றுகள். பனியுகத்தில் பனிப்பாறை அந்த நாட்டின் வடபகுதியைத் தேய்த்து மட்டமாக்கியபோது, இந்த ஒரு மூலையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டதாம். அதனால் ரோட்டில் சைக்கிள் ஓட்டினால் ஏற்றத்தில் நெஞ்சு வெடித்துவிடும். ஆனால் ரயில் பாதையில் ஏற்றமே தெரியாது. காரணம், இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் உராய்வு குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் என்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் நூறு அடிக்கு மூன்று அடிக்கு மேலே ஏறாதபடி, பள்ளத்தை மேடாக்கி, மேட்டைக் குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள். நீராவி என்ஜினுக்காகப் பட்ட பாடு, நூற்று முப்பத்தாறு வருஷம் கழித்து ஒரு சர்க்கரை வியாதிக்காரனுக்குப் பயன்பட்டது. உராய்வுப் பாடம் நடத்திய எங்கள் பேராசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். சார், அந்தப் பாடம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

முதல் பத்து மைல் அவரைப் பிடிக்கவே முடியவில்லை. அதுக்கப்புறம் கால் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் சோளக்காடு, ஆளுயரத்துக்கு மேலே. நடு நடுவே சிவப்புப் பெயின்ட் அடித்த மாட்டுக் கொட்டகை, பக்கத்தில் தீவனம் போட்டு வைக்கிற உயரமான குதிர். கறுப்பு வெள்ளை மாடுகள் வேலி ஓரத்தில் நின்று நம்மை வேடிக்கை பார்க்கும். காரில் போகும்போது அந்த மாடுகள் தலையைத் தூக்கினதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. சாண வாசனை வந்தது. பதினைந்து வருஷமாக அந்த மாநிலத்தில் இருக்கிறேன், எனக்கு அந்த வாசனை அன்றைக்குத்தான் கிடைத்தது. குறுக்கே போகிற ரோட்டில் ஆமிஷ் மக்களின் குதிரை வண்டி ஒன்று டக் டக்கென்று போயிற்று. மோட்டார் வண்டி வேண்டாம் என்று மதக் கட்டுப்பாட்டோடு வாழ்கிற விவசாயிகள் அவர்கள். கூட வந்தவர் கை தூக்கினார், வண்டிக்காரரும் கை தூக்கினார். நானும் தூக்கினேன்.

மூன்று சுரங்கத்தில் பெரியது ஸ்பார்ட்டா பக்கத்திலிருந்து வந்தால் முதலில் வரும். 3,810 அடி நீளம். கிலோமீட்டருக்கும் மேலே. உள்ளே விளக்குக் கிடையாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், டார்ச் இல்லாமல் போகாதே என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே நாலடி வைத்ததும் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்ட மாதிரி குளிர். மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஓரத்தில் வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. நடுவில் வந்ததும் முன்னால் பார்த்தால் வெளிச்சம் குண்டூசித் தலை அளவு, பின்னால் திரும்பினாலும் அதே அளவு. அந்த இடத்தில் என் டார்ச் மினுக்கிவிட்டு அணைந்துபோனது.

முன்னால் போகிறவரின் சக்கரச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தேன். அப்போது அவர் இருட்டிலேயே ஒரு விஷயம் சொன்னார். அந்தச் சுரங்கங்களின் வாயில் பெரிய பெரிய மரக் கதவுகள் உண்டு. குளிர்காலத்தில் உள்ளே ஊறுகிற தண்ணீர் உறைந்து பாறையை வெடிக்கவைத்துவிடும் என்று கதவைச் சாத்தியே வைப்பார்களாம். ரயில் வருகிற நேரத்துக்கு ஒரு காவல்காரர் வந்து கதவைத் திறந்துவிட்டு, வண்டி போனதும் மறுபடி சாத்த வேண்டும். அதற்காகவே சுரங்கத்தின் வாசலில் ஒரு சின்னக் குடிசை போட்டுக்கொண்டு ஒரு மனிதர் இருந்திருக்கிறார். ராத்திரி, பகல், கொட்டுகிற பனி, எதுவானாலும் வண்டி நேரத்துக்கு அவர் எழுந்தாக வேண்டும்.

வெளிச்சத்துக்கு வந்த பிறகும் எனக்கு அந்த மனிதர் ஞாபகமாகவே இருந்தது. ரயில் நின்றுபோன அன்றைக்கு அவர் மாதிரி ஆட்கள் என்ன செய்திருப்பார்கள்? நண்பரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பாதையில் நார்வாக், வில்டன், கெண்டல் என்று மூன்று ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஐந்நூறு அறுநூறு பேர் இருந்தால் அதிகம். நம்ம ஊர்க் கணக்குக்கு ஒரு தெரு. ரயில் போட்ட காலத்தில், நிலையத்துக்கு ஒன்றாக வளர்ந்த ஊர்கள். பாலும் வெண்ணெயும் மாடும் அதில்தான் போயிருக்கின்றன. ரயில் போனதும் இந்த ஊர்களும் போய்விடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். போகவில்லை. கோடை முழுக்கச் சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். சைக்கிள்காரனிடம் ஒரு விசேஷம், அவனுக்குப் பசிக்கும். காரில் போகிறவன் அந்த ஊரைத் தாண்டியே போய்விடுவான். சைக்கிளில் போகிறவன் ஒவ்வொரு ஊரிலும் இறங்கித்தான் ஆக வேண்டும். தண்ணீர் குடிக்கணும், உட்காரணும், ஏதாவது வாயில் போடணும்.

ஒரு ஊரில் ஒரு கடையில் புதுச் சீஸ் துண்டுகள் வாங்கித் தின்றோம். அன்றைக்குப் போட்ட சீஸாக இருந்தால் கடிக்கும்போது பல்லில் கீச் கீச்சென்று சத்தம் வரும். வரவில்லை என்றால் பழசு. நம்ம ஊரில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற மாதிரி அங்கே அது ஒரு பரீட்சை. கடைக்காரப் பெண்மணிக்கு எழுபது வயசிருக்கும். என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, பின்சக்கரத்தில் காற்றுக் குறைவு, திண்ணை ஓரத்தில் பம்ப் இருக்கிறது, அடித்துக்கொண்டு போ என்றார். சங்கிலி போட்டுக் கட்டிய பம்ப். காசு கேட்கவில்லை.

நான் அந்தப் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றுவிட்டேனாம். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நண்பர் பயந்துபோய்விட்டார்.

கெண்டலில் பழைய ரயில் நிலையக் கட்டடத்தை இடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையின் அலுவலகமே அதில்தான். உள்ளே ரயில் காலத்துச் சாமான்கள். வருகிறவர்கள் பெயரும் ஊரும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம். முப்பது வருஷமாக எங்கே போனாலும், எந்தப் படிவத்திலும், ஊர் என்ற இடத்தில் நான் மாயவரம் என்றோ மயிலாடுதுறை என்றோதான் எழுதி வந்தேன். அன்றைக்கு என் கை வேறு ஒரு பெயரை எழுதிற்று. மாயவரம் - தரங்கம்பாடிப் பாதையில் இருந்த ஒரு சின்ன நிலையத்தின் பெயர். அதுதான் நான் பிறந்த ஊர்.

இப்போது அந்த டீக்கடைக்கு வருகிறேன். ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டியது. கூட வந்த ஆறு பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதில் இரண்டு பேர் இன்று இல்லை. மற்ற நாலு பேரும் இங்கே இருக்கிறார்கள்.

டேய், நாம அன்னைக்கு டீ குடிச்சோமே, அந்தக் கொட்டகை, அது எங்க அப்பா கடை.

உங்களிடம் எங்கப்பா விவசாயம் பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். ஹாஸ்டல் பணம் சித்தப்பா கட்டினார். மூன்று வருஷமும் உங்களில் யாரையும் ஊருக்குக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அந்த வழியாகப் போகிறோம் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நிற்காமல் போய்விடலாம் என்று முதலாவதாக மிதித்துக்கொண்டு போனேன். பின்னாலிருந்து யாரோ "மாப்ளே, டீ!" என்று கத்தினீர்கள். இறங்கிவிட்டோம்.

அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வந்தது. கூட ஆறு பேரையும் பார்த்தார். நான் தண்டவாளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு டம்ளரில் டீ ஆற்றினார். எனக்கு நீட்டும்போதும் மற்றவர்களுக்கு நீட்டின மாதிரியேதான் நீட்டினார். பிறகு என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க சைக்கிள்ல பின்வீல் காத்து கம்மியா இருக்கு. ரெண்டு பேர் போறீங்க, ட்யூப் கடிச்சிரும். இருங்க" என்று சொல்லி, உள்ளேயிருந்து பம்பை எடுத்து வந்து, குனிந்து உட்கார்ந்து அவரே அடித்துவிட்டார்.

நீங்க, போங்க, இருங்க. பெற்ற அப்பா என்னை அப்படிக் கூப்பிட்டார்.

ஏழு டீ, ஒரு டீ முப்பது காசு. பொதுப் பணம் வைத்திருந்தவன் இரண்டு ரூபாய் பத்துக் காசு எண்ணிக் கொடுத்தான். அவர் வாங்கிக் கல்லாவில் போட்டார். காற்று அடித்ததுக்குக் காசு கேட்கவில்லை. அடுத்த மாசம் நான் ஊருக்குப் போனபோதும் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. 1991-ல் அவர் காலமாகும் வரைக்கும் பேசவில்லை.

1986-ல் ரயில் நின்றபோது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். வண்டியே இல்லாத இடத்தில் டீக்கடை எதுக்கு, மூடிவிட்டு அம்மாவோடு இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதினேன். "ரயில்தான் நின்னிருக்கு, சைக்கிள் வந்துக்கிட்டுதான் இருக்கு" என்று ஒரு கார்டில் பதில் வந்தது. பிடிவாதம் என்று நினைத்தேன். அம்மா பிற்பாடுதான் சொன்னாள். விடியற்காலையில் கடற்கரைப் பக்கமிருந்து மீன் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு உள்ளூர்க் கிராமங்களுக்குப் போகிறவர்கள் வருவார்கள். பால்கேன் கட்டினவர்கள், ஐஸ்காரர், நாற்று நடவுக்குப் போகிற ஆட்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லாரும் சைக்கிள்தான். நடுவழியில் காற்று அடிக்கவும் தண்ணீர் குடிக்கவும் வேறு இடம் கிடையாது. கடை வாசலில் பம்பைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாராம். அவர் படுக்கையில் விழுகிற வரைக்கும் கடை ஓடியிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. நான் லீவுக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போய்விட்டேன்.

இதையெல்லாம் கெண்டல் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பண்ணைக்கார நண்பரிடம் முதல்முறையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, எல்ராய் இன்னும் ஆறு மைல்தான், இருட்டுகிறதுக்குள் போய்விடலாம் என்றார். நல்ல மனுஷர். வேறு என்ன சொல்ல முடியும்?

அதற்கப்புறம் ஊர் திரும்புகிற வரைக்கும் ஏழெட்டுத் தடவை அந்தப் பாதையில் போயிருக்கிறேன். சர்க்கரை குறைந்ததா என்று கேட்பீர்கள். குறைந்தது. நின்றால் ஏறுகிறது, ஓட்டினால் இறங்குகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நானும் இரண்டு தோழர்களும் பழைய தரங்கம்பாடிப் பாதையைத் தேடிக்கொண்டு போனோம். தண்டவாளம் கிடையாது. அங்கங்கே மேடு தெரிகிறது, சில இடத்தில் கருவேல முள் மூடிக் கிடக்கிறது, சில இடத்தில் இதுதான் அதுவா என்று உள்ளூர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. இன்னும் இருபது வருஷம் போனால் கேட்பதற்கும் ஆள் இருக்காது.

ரயில் திரும்ப வரணும் என்று கேட்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. நானும் அவர்கள் கட்சிதான். சைக்கிள் பாதை என்று சொன்னால் ரயில் வராமல் போய்விடுமோ என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் 1983-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். கைவிடப் போகிற ரயில் பாதையைத் துண்டு துண்டாக விட்டுவிடாமல், முழுசாகச் சைக்கிளுக்கும் நடைக்கும் கொடுத்து வைத்திருக்கலாம். பின்னாளில் ரயில் வேண்டுமென்றால் அந்த இடத்திலேயே மறுபடி தண்டவாளம் போட்டுக்கொள்ளலாம். ஆள் நடமாட்டம் இருக்கிற பாதை தொலையாது, முள் மூடின பாதைதான் தொலையும். இங்கே அந்தச் சட்டமெல்லாம் கிடையாது என்று எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் பாதை எங்கே போயிற்று என்று ஒரு வரைபடமாவது நம்ம மாணவர்கள் போட்டு வைக்கலாம் இல்லையா? உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிற போனில் அதற்கு வேண்டிய சாமான் இருக்கிறது. எங்களிடம் அன்றைக்கு ஒரு திசைகாட்டி கூடக் கிடையாது. லேபில் ஒன்று இருந்தது, அதைத் தொட்டால் அட்டெண்டர் கத்துவார்.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் இந்தக் கல்லூரிக்குச் சைக்கிளில் வந்த பெண்கள் ஒரே ஒருவர். அவர் வாசலில் இறங்கினால் ஒரு கூட்டமே வேடிக்கை பார்க்கும். அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம், ஒத்துக்கொள்கிறேன். பத்து வருஷம் கழித்து, 1991-92 வாக்கில், புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, அதனால் என்ன என்று பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள், பூ கட்டி விற்கிறவர்கள், எல்லாரும். அதற்கப்புறம் அரசாங்கமே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. உங்களில் பல பேர் வீட்டில் அந்தச் சைக்கிள் சும்மா நிற்கிறது என்று கேள்விப்பட்டேன். அதன்மேல் துணி காய்கிறதாம்.

அதற்குத்தான் நாளைக்கு வேலை வைத்திருக்கிறோம்.

நாளை ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக ஐந்தரை மணிக்குக் கல்லூரி வாசலில் கூடுகிறோம். பெரிய ரோட்டில் இப்போது பஸ்ஸும் லாரியும் போகிற வேகத்தில் எங்கள் காலம் மாதிரி போக முடியாது. அதனால் முடிந்த மட்டும் வாய்க்கால் கரை, கிராமத்து ரோடு வழியாகவே போகிறோம். வழி தெரிந்த இரண்டு உள்ளூர்த் தம்பிகள் முன்னால் வருவார்கள். முழுத் தூரமும் முடியாதவர்கள் திருக்கடையூரில் நின்றுகொள்ளலாம், ஒரு வேன் பின்னாலேயே வரும். அறுபது தாண்டியவர்கள் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வரவும். சர்க்கரைக்காரர்கள் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளவும், இது அனுபவத்தில் சொல்வது. சைக்கிள் இல்லாதவர்களுக்கு ஹாஸ்டல் மாணவர்கள் பன்னிரண்டு சைக்கிள் தருகிறார்கள். வாடகை கிடையாது, ஆனால் போன மாதிரியே திரும்பி வர வேண்டும். டபுள்ஸ் கண்டிப்பாகக் கூடாது. தாசில்தார் அவர்கள் பொட்டலம் தூக்கி வருவதற்கும் அனுமதி இல்லை.

அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. ஒரு வேப்ப மரமும் நிலையத்துப் பழைய மேடும் இருக்கிறது. அங்கே பத்து நிமிஷம் நிற்போம். பெரிய பிளாஸ்கில் டீ கொண்டு வருகிறேன். எல்லாருக்கும் உண்டு, காசு வேண்டாம்.

என்னிடம் ஒரு பம்ப்தான் இருக்கிறது. வைத்திருக்கிறவர்கள் இன்னொன்று கொண்டு வாருங்கள்.